கப்பல் வாங்கிய வக்கீல்

தூத்துக்குடிக்காரர்களுக்குக் கப்பல் புதிது அல்ல. தோணியும் படகும் நீராவிக் கப்பலும் அவர்கள் பிறந்தது முதல் பார்த்துப் பழகியவை.

ஆனால் 1907-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கடலுக்கு வந்து சேர்ந்த கப்பல் ஒன்று, ஊரையே உலுக்கிவிட்டது. அந்தக் கப்பலின் பெயர் 'காலியா'.

அதற்கு முன் அங்கே வந்த பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையவை. இது அப்படி அல்ல. வியாபாரிகளும் வக்கீல்களும் மிராசுதாரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கிய கப்பல்! அதை வாங்கி வந்தவர் கோடீசுவரர் அல்ல. கோர்ட்டில் வாதாடிப் பிழைத்து வந்த ஒரு வக்கீல்.

அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

ஒரு வக்கீலுக்குக் கப்பல் எதற்கு? அந்தக் கப்பல் என்ன ஆயிற்று? அதற்காக அவர் கொடுத்த விலை எவ்வளவு? அதுதான் இந்தக் கதை.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்று ஓர் ஊர். வீரபாண்டியக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். அங்கே 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரம் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளை. அவரும் வக்கீல். தாயார் பரமாயி அம்மாள்.

சிதம்பரம் ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்தார். பிறகு திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்தார். 1895-ல் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

ஏழைகளிடம் அவர் பணம் கேட்பது இல்லை. போலீசார் பொய் வழக்குப் போட்டால், துணிந்து எதிர்த்து வாதாடுவார். போலீசாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இந்தப் பகை வளர்வதைக் கண்டு தகப்பனார் கவலைப்பட்டார். மகனைத் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் செய்யும்படி அனுப்பி வைத்தார். அது 1900-ம் ஆண்டு.

மகன் வம்பில் மாட்டாமல் இருக்கட்டும் என்று தகப்பனார் நினைத்தார். நடந்ததோ வேறு!

கடல் யாருக்குச் சொந்தம்?

அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போகும் வாசல் தூத்துக்குடிதான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது 1914-ல். அதற்கு முன், கொழும்புக்குப் போகிறவர்கள் ரெயிலில் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறுவார்கள்.

தூத்துக்குடிக் கரையோரத்தில் கடலுக்கு ஆழம் போதாது. ஆகவே பெரிய கப்பல்கள் சில மைல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அரிசி போகும். பருப்பு போகும். துணி போகும். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போகிற ஏழை ஜனங்களும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

போகிறவர்கள் தமிழர்கள். சரக்கு தமிழ்நாட்டுச் சரக்கு. கூலி கொடுப்பவர்கள் தமிழ் வியாபாரிகள். ஆனால் லாபம் மட்டும் சீமைக்குப் போயிற்று!

ஏன் என்றால், அந்த வழியில் கப்பல் விட்டது 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற கம்பெனி. வில்லியம் மக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1856-ல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் விடத் தொடங்கினார். அந்தக் கம்பெனிதான் 1862-ல் 'பிரிட்டிஷ் இந்தியா' என்று பெயர் மாறிற்று. இந்தியக் கடல் எங்கும் அதன் கப்பல்கள் ஓடின. சர்க்காரின் தபாலை எடுத்துச் செல்லும் ஒப்பந்தமும் அதனிடம் இருந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஹார்வி கம்பெனியார். அங்கே நூல் ஆலை நடத்தியவர்களும் அவர்களே.

போட்டி இல்லை. அதனால் அவர்கள் வைத்ததே கட்டணம்.

25 ரூபாய்ப் பங்கு

1905-ல் வெள்ளைக்கார சர்க்கார் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடு கொதித்தது. சுதேசிப் பொருளையே வாங்குவோம் என்ற இயக்கம் எங்கும் பரவியது. பல ஊர்களில் சீமைத் துணியைக் கொளுத்தினார்கள்.

வ.உ.சி. ஒரு படி மேலே போய் யோசித்தார். துணியை நாமே நெய்தாலும், அதை ஏற்றிச் செல்லும் கப்பல் அன்னியனுடையதாக இருந்தால் என்ன பயன்? வியாபாரத்தின் கழுத்தே கப்பலில் அல்லவா இருக்கிறது?

1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி சட்டப்படி பதிவு ஆயிற்று.

பங்கு என்றால் என்ன? ஒரு தொழிலுக்குத் தேவையான பெரிய தொகையைச் சிறு சிறு பாகமாகப் பிரித்து, பலரிடம் வாங்குவது. லாபம் வந்தால் அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்றபடி கிடைக்கும். நஷ்டம் வந்தால் போட்ட பணம் போகும்.

சுதேசிக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று முடிவு செய்தார்கள். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள். கோடீசுவரர்கள் இல்லாவிட்டாலும் கப்பல் வாங்கலாம் என்பதுதான் இந்தக் கணக்கு. அன்றைக்கு 25 ரூபாய் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் நடுத்தரக் குடும்பத்தினர் முயன்றால் கொடுக்கக் கூடியது.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர் ஆனார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8 ஆயிரம் பங்குகளை வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய்! அவர் செயலாளர். வ.உ.சி. உதவிச் செயலாளர். பெயர்தான் உதவிச் செயலாளர். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தது, கப்பலுக்கு அலைந்தது எல்லாம் அவரே.

கப்பல் ஓட்டுவதோடு கம்பெனியின் நோக்கம் முடியவில்லை. நம்மவர்களுக்குக் கப்பல் தொழில் கற்றுக் கொடுக்க வேண்டும், கப்பல் கட்டவும் பழக வேண்டும் என்றும் விதிகளில் எழுதி வைத்தார்கள்.

வாடகைக் கப்பல் கைவிட்டது

கம்பெனி பிறந்துவிட்டது. கப்பல்? அதுதான் இல்லை!

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஜனங்கள் ஆவலோடு ஏறினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி விழித்துக் கொண்டது. வாடகைக்குக் கொடுத்தவர்களை நெருக்கியது. அவர்கள் பயந்துபோய்க் கப்பலைத் திரும்ப எடுத்துக் கொண்டார்கள்.

வ.உ.சி. மனம் தளரவில்லை. கொழும்புக்குப் போய் வேறு ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். ஆனால் இரவல் கப்பலை நம்பி எத்தனை நாள் கம்பெனி நடத்துவது? சொந்தக் கப்பல் வாங்கினால்தான் விமோசனம் என்று தெரிந்தது. பம்பாய்க்குப் புறப்பட்டார்.

அந்தச் சமயம் அவருடைய மூத்த மகன் உலகநாதனுக்கு உடம்பு சரியில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் பூரண கர்ப்பிணி. சில நாள் பொறுத்துப் போகலாமே என்று நண்பர்கள் தடுத்தார்களாம். குடும்பத்தைக் கடவுள் பார்த்துக் கொள்வார் என்று சொல்லிவிட்டு, அவர் ரெயில் ஏறினார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சபதம் செய்து போனார் என்பார்கள்.

வட நாட்டில் திலகர் முதலிய தலைவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். சபதம் நிறைவேறியது. காலியா வந்தது. அடுத்து 'லாவோ' என்ற இன்னொரு கப்பலும் வந்தது. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேருக்கு மேல் ஏறிச் செல்லலாம்.

இலவசப் பயணம், கூடவே குடை!

பிறகு தொடங்கியது கட்டணச் சண்டை.

வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. அதாவது அரை ரூபாய். உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, காசே வேண்டாம், இலவசமாக வாருங்கள் என்று கூப்பிட்டது. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தது!

இனாம் என்றால் ஓடாதவர் யார்? ஆனால் பலர் ஓடவில்லை. காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் ஓட நிலக்கரி வேண்டும். மாலுமிகளுக்குச் சம்பளம் வேண்டும். எட்டணாக் கட்டணத்தில் இந்தச் செலவைக் கட்டுவது கஷ்டம். வெள்ளைக்காரக் கம்பெனிக்கோ தூத்துக்குடியில் நஷ்டம் என்றால் கல்கத்தாவில் லாபம், ரங்கூனில் லாபம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இந்த ஒரே வழி. எல்லாக் கடலிலும் சம்பாதிக்கிறவனோடு, ஒரே கடலில் சம்பாதிக்கிறவன் எத்தனை மாதம் போட்டி போட முடியும்?

ஆனாலும் கம்பெனி நின்றது. பங்குதாரர்களின் நம்பிக்கையும், பிரயாணிகளின் ரோஷமும் அதைத் தாங்கின. வ.உ.சி.யை விலைக்கு வாங்கப் பார்த்து, லட்ச ரூபாய் தருவதாக ஆசை காட்டினார்கள் என்றும் சொல்வது உண்டு. அவர் மசியவில்லை.

ஆலைத் தொழிலாளர் பக்கம்

சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். வத்தலகுண்டில் பிறந்தவர். பேசினால் நெருப்புப் பொறி பறக்கும். இருவரும் இணை பிரியாத நண்பர்கள் ஆனார்கள். கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

ஹார்வி கம்பெனியாரின் கோரல் ஆலையில் தொழிலாளர்கள் விடிந்தது முதல் இருட்டும் வரை உழைத்தார்கள். கூலி சொற்பம். ஓய்வு நாள் கிடையாது. 1908-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சிவாவும் முன்னால் நின்றார்கள். ஊர் மக்கள் தொழிலாளருக்குச் சோறு போட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் ஆலை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

இதற்குள் கம்பெனிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. அரசியல் வேண்டாம், கப்பலை மட்டும் கவனியுங்கள் என்று டைரக்டர்கள் சிலர் வ.உ.சி.யிடம் கூறினார்கள். பணம் போட்டவர்களின் பயம் அது. அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வ.உ.சி.க்குக் கப்பலும் நாடும் வேறு வேறு அல்ல. அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.

நாற்பது ஆண்டுத் தண்டனை

வங்கத் தலைவர் விபின சந்திர பாலர் 1908 மார்ச் 9-ந் தேதி சிறையிலிருந்து விடுதலை ஆனார். அந்த விடுதலையை வ.உ.சி. விழாவாகக் கொண்டாடினார். கலெக்டர் விஞ்சு சினம் கொண்டார். மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள்.

மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடின. ஜனங்கள் தெருவில் திரண்டார்கள். சர்க்கார் கட்டடங்கள் தீப்பற்றி எரிந்தன. போலீசார் சுட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

ராஜத் துரோக வழக்கு நடந்தது. பாரதியாரும் வந்து சாட்சி சொன்னார். 1908 ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார்.

ராஜத் துரோகத்துக்கு 20 ஆண்டு. சிவாவுக்கு உதவியதற்கு 20 ஆண்டு. ஆக மொத்தம் 40 ஆண்டு நாடு கடத்தல்! சிவாவுக்குப் பத்து ஆண்டு.

அப்போது வ.உ.சி.க்கு வயது 35. நாற்பது ஆண்டு என்றால், உயிரோடு வந்தாலும் எழுபத்தைந்து வயதில்தான் வீடு திரும்ப முடியும். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கடைசி வரை தெளியவே இல்லை.

மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. அந்தமானுக்கு அனுப்பாமல், கோயமுத்தூர் ஜெயிலிலும் பிறகு கண்ணனூர் ஜெயிலிலும் அடைத்து வைத்தார்கள்.

கோர்ட்டில் பேனா பிடித்த கை, ஜெயிலில் சணல் கிழித்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வடிந்தது. மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். அந்த இருட்டறையிலும் தமிழை மறக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் எழுதிய புத்தகத்தை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 'மெய்யறம்' என்ற நீதி நூலையும் இயற்றினார்.

கப்பல் விலை போயிற்று

கம்பெனி என்ன ஆயிற்று?

மாலுமி இல்லாத கப்பல் போல ஆயிற்று. ராஜத் துரோகி நடத்திய கம்பெனி என்று பெயர் வந்துவிட்டது. அதில் பணம் போட்டவர்கள் நடுங்கினார்கள். புதிதாகப் பங்கு வாங்க ஆள் இல்லை. கட்டணச் சண்டையில் பட்ட நஷ்டத்தைச் சரிக்கட்ட வழி இல்லை. 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். கப்பல்களை விற்றார்கள். போட்டிக் கம்பெனிக்கே ஒரு கப்பலை விற்றுவிட்டார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இலவசப் பயணம் அந்தக் கம்பெனியைக் கவிழ்க்கவில்லை. குடையும் கவிழ்க்கவில்லை. பயம்தான் கவிழ்த்தது. எட்டணாவுக்கும் இனாமுக்கும் நடந்த சண்டையில் ஜனங்கள் கூட நின்றார்கள். ஜெயில் கதவு திறந்ததும் பணம் போட்டவர்கள் விலகிவிட்டார்கள்.

வெறும் கையோடு வெளியே

1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வ.உ.சி. கண்ணனூர் ஜெயிலிலிருந்து விடுதலை ஆனார்.

கைதான அன்று ஊரே திரண்டது. விடுதலையான அன்று வரவேற்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்!

கப்பல் இல்லை. கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதைச் சர்க்கார் பறித்துவிட்டது. சொந்த ஜில்லாவுக்குப் போகவும் தடை. மனைவி மக்களோடு சென்னையில் குடியிருந்தார். கடை வைத்தார். நெய் விற்றுப் பார்த்தார். வியாபாரம் கை கொடுக்கவில்லை. சில நாட்களில் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டமாக இருந்தது.

அப்போது நடந்த ஒரு சம்பவம். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் வ.உ.சி.க்கு உதவுவதற்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். 1915-ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது, வ.உ.சி. அவரைச் சந்தித்தார். பணம் வந்து சேரத் தாமதம் ஆயிற்று. இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் 1916-ல் பணம் கைக்கு வந்தது. எவ்வளவு தெரியுமா? 347 ரூபாய் 12 அணா!

பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைக் கட்டியவர், முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்காக மாதக் கணக்கில் காத்திருந்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. எந்த வெள்ளைக்கார ஆட்சி அவரை ஒழித்ததோ, அதில் ஒருவர் செய்த நன்மையை அவர் மறக்கவில்லை. தம் பிள்ளை ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்!

கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார். திருக்குறளுக்கும் தொல்காப்பியத்துக்கும் இருந்த பழைய உரைகளை ஆராய்ந்து அச்சிட்டார். வறுமை மட்டும் விடவில்லை.

கடைசிக் கணக்கு

சாகும் முன் அவர் ஓர் உயில் எழுதி வைத்தார். அதில் சொத்து விவரத்தை விட, கடன் விவரம்தான் கண்ணில் படுகிறது. எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அணா பைசா வரை எழுதியிருந்தார். தம் கஷ்டத்துக்கு நாட்டைக் காரணம் காட்டி, கடைக்காரரின் பாக்கியை அவர் மறைக்கவில்லை. 25 ரூபாய்ப் பங்கை நம்பிக் கொடுத்தவர்களிடம் கணக்குச் சொன்ன அதே மனிதர்தானே!

1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடிக் காங்கிரஸ் காரியாலயத்தில் அவர் உயிர் பிரிந்தது. அங்கே சாக வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. வயது 64. நாடு விடுதலை அடைய அப்போது இன்னும் 11 ஆண்டு பாக்கி இருந்தது.

அவர் இழுத்த செக்கைச் சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்து வளாகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் அவராக நடித்தார். 1972-ல் அவருடைய நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளிவந்தது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

அவரை எதிர்த்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இன்று இல்லை. 1914-ல் அது இன்னொரு பெரிய கம்பெனியோடு இணைந்தது. பிறகு பெயரும் மறைந்துவிட்டது.

முன்பு தூரத்தில் நங்கூரம் போட்ட பெரிய கப்பல்கள், இன்று கரையை ஒட்டி வந்து நிற்கின்றன. எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும், தூத்துக்குடிக்கு வரும்போது, சிதம்பரனார் பெயர் தாங்கிய துறைமுகத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்!